எம்.எஸ். நோயோடு வாழ எது துணை? அளந்தறியும் வழிகள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., மூளையையும் தண்டுவடத்தையும் பார்வை நரம்பையும் தாக்கும் நாள்பட்ட நோய். மின்கம்பிக்கு உறை இருப்பதுபோல நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பாற்றலே அந்த உறையை அரிக்கத் தொடங்கினால் நரம்பு வழிச் செய்திகள் தடுமாறுகின்றன. உறை எங்கே அழிந்தது என்பதைப் பொறுத்து ஒருவருக்குக் கண் மங்கும், இன்னொருவருக்குக் கால் இழுக்கும், வேறொருவருக்குச் சிறுநீரை அடக்க முடியாமல் போகும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. பாரிஸின் சல்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷான் மார்ட்டின் ஷார்கோ 1868இல் இதைத் தனி நோயாக விவரித்தார். அடியோடு குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. 1993இல் அமெரிக்காவில் பீட்டா இன்டர்ஃபெரானுக்கு அனுமதி கிடைத்தது முதல், நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் ஒவ்வொன்றாக வந்திருக்கின்றன. ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகள் இந்த நோயை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகவும் பிள்ளைகளை வளர்க்கவும் மனம் தளராமல் இருக்கவும் எது உதவுகிறது என்பது மருந்துச்சீட்டுக்குள் அடங்காத கேள்வி. அதற்கு விடை தேடப் பல அளவுகோல்கள் உருவாகியுள்ளன. அவற்றுள் எவை கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பொருந்தும் என்பதைத் தனியே பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் எண்ணிக்கை. 2023 கணக்கின்படி உலகில் ஏறத்தாழ 29 லட்சம் பேருக்கு எம்.எஸ். இருக்கிறது. வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஒரு லட்சம் பேரில் நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டவர்கள். தென்னிந்தியாவில் நம்பத்தகுந்த கணக்கு மங்களூரு நகரில் எடுக்கப்பட்டது. நரம்பியல் மருத்துவர் லேகா பண்டிட் குழுவினர் 2014இல் வெளியிட்ட அந்த ஆய்வில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 8 பேர் என்று தெரியவந்தது. அதே விகிதத்தைக் கடலூர் மாவட்டத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தில் 26 லட்சம் பேர். அப்படியானால் மாவட்டம் முழுவதும் சுமார் 200 பேர், கடலூர் நகரில் பதினான்கு பேர், சிதம்பரம் நகரில் ஐந்து பேர். இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் இந்தச் சிறிய எண் பெரிய விஷயம் ஒன்றைச் சொல்கிறது. சிதம்பரம் மேல வீதியில் இருக்கும் ஒரு பெண் தன்னைப் போன்ற இன்னொருவரை ஆயுளில் ஒருமுறைகூடச் சந்திக்காமல் போகலாம். அவருக்கு மருந்து எழுதும் குடும்ப மருத்துவர் இந்த நோயை அதற்கு முன் பார்த்தே இராமலும் இருக்கலாம். சர்க்கரை நோய்க்குத் தெருவுக்குத் தெரு அனுபவசாலிகள் உண்டு. இந்த நோய்க்கு அப்படி எவரும் இல்லை.

உடல் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்பதை அளக்க எல்லா நரம்பியல் மருத்துவர்களும் கையாள்வது அமெரிக்க மருத்துவர் ஜான் கர்ட்ஸ்கி 1983இல் விரிவாக்கி வெளியிட்ட இ.டி.எஸ்.எஸ். அளவுகோல். 0 என்றால் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை, 10 என்றால் மரணம். 1 முதல் அரை அரையாகப் படிகள் ஏறும். 100 மீட்டர் நடக்க ஊன்றுகோல் தேவைப்பட்டால் 6. சக்கர நாற்காலி இல்லாமல் முடியாது என்றால் 7. இது பெரும்பாலும் காலைப் பார்த்துப் போடும் மதிப்பெண். ஒரே 6 பெற்ற இருவரில் ஒருவர் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார், மற்றவர் அறையைவிட்டு வெளியே வரமாட்டார். இருவருக்கும் நடக்கும் திறன் ஏறத்தாழ ஒன்றே. வாழ்க்கை வேறு. அந்த வித்தியாசத்துக்குக் காரணமான ஒன்றைத்தான் உளவியலாளர்கள் சமாளிப்பு என்று குறிப்பிட்டு, அதைத் தனியே அளக்க முற்பட்டார்கள்.

அதற்கு இரண்டு வகைக் கருவிகள் வேண்டும். ஒருவர் என்ன செய்து சமாளிக்கிறார் என்பதை ஒன்று கேட்கும். அதன் பலனாக எப்படி இருக்கிறார் என்பதை மற்றொன்று கேட்கும். இரண்டாவது வகை ஏராளம். லண்டனில் ஜெரமி ஹோபார்ட் குழு 2001இல் வெளியிட்ட எம்.எஸ்.ஐ.எஸ்-29 என்ற வினாத்தாளில் 29 கேள்விகள் உள்ளன. அவற்றில் 20 உடலைப் பற்றியவை, 9 மனத்தைப் பற்றியவை, எல்லாமே கடந்த இரண்டு வாரங்களைக் குறித்தவை. இந்த நோயில் மிகப் பலர் முதலில் சொல்லும் குறை அசதி. அதை அளக்க 1989இல் லாரன் க்ரப் உருவாக்கிய ஒன்பது வாக்கியத் தாள் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் போட்டு, சராசரி 4க்கு மேல் வந்தால் அசதி கடுமை என்று கொள்கிறார்கள். வீட்டில் சோம்பல் என்று தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஒன்றுக்கு எண் கிடைப்பது சிறிய விஷயம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத அந்த அசதிதான் பல மருமகள்களைப் பேச்சு வாங்க வைக்கிறது.

மனச்சோர்வை அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எம்.எஸ். உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது கடும் மனச்சோர்வு வருகிறது. பொது மருத்துவமனைகளில் பரவலாகப் பயன்படும் பி.ஹெச்.க்யூ-9 வினாத்தாள் களைப்பு, தூக்கம், கவனக் குறைவு ஆகியவற்றையும் கேட்கிறது. மூன்றும் நோயினாலேயே வரக்கூடியவை. மனம் நன்றாக இருப்பவருக்கும் மதிப்பெண் ஏறிவிடும். உடல் அறிகுறிகளைக் கூடுமானவரை விலக்கி 1983இல் ஸிக்மண்டும் ஸ்னெய்த்தும் அமைத்த ஹாட்ஸ் தாள் இந்த நோய்க்கு ஓரளவு பொருந்துகிறது. அதிலும்கூட உடல் வேகம் குறைந்ததைப் பற்றிய கேள்வி ஒன்று இருக்கிறது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மாத்திரை எழுதுவதும் தவறு, நோயென்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனச்சோர்வைக் கண்டுகொள்ளாமல் விடுவது அதைவிடப் பெரிய தவறு.

சமாளிப்பை அளக்கும் முயற்சிக்கு அடித்தளம் போட்டவர்கள் ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் இருவரும். 1984இல் வெளியான அவர்களுடைய நூல் சமாளிப்பை இரண்டாகப் பிரித்தது. சிக்கலையே தீர்க்க முனைவது ஒன்று, சிக்கலால் வரும் மன உளைச்சலைத் தணித்துக்கொள்வது மற்றொன்று. இதைப் பின்பற்றி சார்ல்ஸ் கார்வர் 1997இல் 28 வாக்கியங்களில் ஒரு சுருக்கத் தாளைத் தயாரித்தார். திட்டமிடுதல், பிறர் உதவியை நாடுதல், ஏற்றுக்கொள்ளுதல், தன்னையே நொந்துகொள்ளுதல், கடவுளை நாடுதல் எனப் பதினான்கு வழிகள் அதில் இருக்கின்றன. எம்.எஸ்.ஸுக்கென்றே தனித் தாளை 2001இல் வெளியிட்டவர் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் பேக்கன்ஹாம். நோயாளிகளிடம் கேட்டே வழிகளைத் திரட்டியதால் அதில் பொதுத் தாள்களில் இல்லாத இரண்டு வந்து சேர்ந்தன. ஒன்று கைப்பிடி, ஊன்றுகோல், ஆள்துணை போன்ற உதவிகளை ஏற்பது. மற்றொன்று சக்தியைச் சேமித்துச் செலவழிப்பது. காலையில் குளிர்ந்த நேரத்தில் சமையலை முடித்துவிட்டு, துணி துவைப்பதை மறுநாளுக்கு ஒத்திப்போட்டு, மதியம் படுத்தெழுந்த பிறகு பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது சோம்பல் அல்ல. அது ஒரு திறன், அந்தத் தாளில் அதற்கு மதிப்பெண் உண்டு.

இத்தகைய தாள்களை ஆண்டுக் கணக்கில் நிரப்பச் சொல்லிப் பார்த்ததில் ஒரே மாதிரியான விடை திரும்பத் திரும்ப வருகிறது. பேக்கன்ஹாம் பன்னிரண்டு மாத இடைவெளியில் ஒரே ஆட்களைச் சந்தித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், சிக்கலை நேரே எதிர்கொண்டவர்கள் பின்னாளில் நன்றாக ஒத்துப்போயிருந்தார்கள். தவிர்ப்பதிலும் மனத்துக்குள் புழுங்குவதிலும் காலம் கழித்தவர்கள் பின்தங்கினார்கள். ஆனால் இங்கே அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது. மனம் தெளிவாக இருப்பவருக்குத் திட்டமிடுவது எளிது, சோர்ந்திருப்பவருக்கு அது மலை ஏறுவது. எது காரணம், எது விளைவு என்பதை இப்படிப்பட்ட கணக்கு மட்டும் காட்டிவிடாது. மேலும் எல்லாச் சிக்கலும் தீர்க்கக்கூடியதும் அல்ல. பார்வை மங்கிப்போன கண்ணை முயற்சியால் சரிசெய்ய முடியாது. அங்கே ஏற்றுக்கொள்வதுதான் உதவும். சிறுநீர்த் தொல்லைக்கோ மருத்துவரிடம் வாய்திறந்து சொல்வது உதவும், பொறுத்துப்போவது கெடுக்கும்.

எது உண்மையில் உதவுகிறது என்று தெரிய, குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடும் சோதனைகள் தேவைப்பட்டன. நியூசிலாந்தில் 72 பேரைக் கொண்டு 2008இல் வெளியான ஒரு சோதனையில், பாதிப் பேருக்கு அசதி பற்றிய எண்ணங்களையும் அன்றாடப் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் உளவியல் சிகிச்சை, மீதிப் பேருக்குத் தசைகளைத் தளர்த்தும் பயிற்சி. இரண்டிலுமே அசதி நன்றாகக் குறைந்தது, முதலாவதில் கூடுதலாக. அமெரிக்காவின் ஓரிகனில் 69 பேரிடம் ஆறு மாதம் நடத்தி 2004இல் வெளியிட்ட சோதனையில் யோகா செய்தவர்களுக்கும் நிலைச் சைக்கிள் மிதித்தவர்களுக்கும் அசதி குறைந்தது, காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களுக்குக் குறையவில்லை. ஞாபகத்திலும் கவனத்திலும் யோகாவால் மாற்றம் தெரியவில்லை. யோகா எல்லாவற்றையும் தீர்க்கும் என்று சொல்பவர்களும், அதனால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்களும் இந்த முடிவைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் 150 பேரிடம் நடந்து 2010இல் வெளியான மனக்கவனப் பயிற்சிச் சோதனையிலும் மனச்சோர்வும் அசதியும் குறைந்தன.

இவற்றையெல்லாம்விட யோசிக்க வைப்பது அமெரிக்காவில் கேரலின் ஷ்வார்ட்ஸ் நடத்திய சோதனை. 132 எம்.எஸ். நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சமாளிப்புத் திறன்களைக் குழுவாகக் கற்றுத்தந்தார்கள். மற்றவர்களுக்கு, அதே நோய் உள்ள, பயிற்சி பெற்ற ஒருவர் தொலைபேசியில் பேசித் துணைநின்றார். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அளந்ததில் திறன் கற்றவர்களே அதிகம் முன்னேறியிருந்தார்கள், தொலைபேசித் துணை எதிர்பார்த்த அளவு உதவவில்லை. ஆனால் அளக்கத் திட்டமிடாத இடத்தில்தான் வியப்பு காத்திருந்தது. தொலைபேசியில் துணைநின்ற ஐந்து பெண்களும் எம்.எஸ். உள்ளவர்கள். பிறகு அவர்களுடைய மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தபோது, துணை பெற்றவர்களைவிட அவர்கள்தான் பல மடங்கு நலம் பெற்றிருந்தார்கள். தன்னம்பிக்கை கூடியிருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது. இன்னொருவர் பேசுவதை முழுக் கவனத்துடன் கேட்டுப் பழகியதில் தங்கள் நோயைப் பற்றிய பார்வையே மாறிவிட்டதாக அவர்கள் சொன்னார்கள். ஐந்து பேரை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் உதவி வாங்குபவராக மட்டுமே நோயாளியைப் பார்க்கும் பழக்கத்தை இது அசைக்கிறது. ஐந்து பேர் மட்டுமே இருக்கக்கூடிய ஒரு நகரத்தில், அந்த ஐவரும் மாறி மாறி ஒருவருக்கொருவர் தொலைபேசியில் பேசுவது செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம்.

இதே ஆய்வு இன்னொரு உண்மையையும் வெளிக்கொணர்ந்தது. நோயோடு வாழ வாழ ஒருவர் வாழ்க்கையை மதிப்பிடும் அளவே மாறிவிடுகிறது. முதல் ஆண்டில் கால் மரத்துப்போனதை 8 என்று எழுதியவர், ஐந்தாம் ஆண்டில் அதே மரப்பை 3 என்று எழுதுவார். நரம்பில் எதுவும் சரியாகியிருக்காது. அளப்பவர்களுக்கு இது தலைவலி. நோயாளிக்கோ அதுதான் தேறிவந்ததற்கான அடையாளம். எனவே இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பதோடு, அன்று எப்படி இருந்ததாக இப்போது நினைக்கிறீர்கள் என்றும் கேட்டு இரண்டையும் ஒப்பிடுகிறார்கள்.

வெளிநாட்டுத் தாள்களை அப்படியே கொண்டுவந்து கடலூரில் நிரப்பச் சொன்னால் முதலில் தவறிப்போவது வெயில். உடல் சூடேறினால் எம்.எஸ். அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும்; உடலை வருத்தி உழைத்தபின் பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உட்ஹாஃப் 1890இல் எழுதிவைத்தார். ஒருகாலத்தில் வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்வை மங்குகிறதா என்று பார்ப்பதே நோயைக் கண்டறியும் சோதனையாக இருந்தது. சூடு தணிந்தால் பழைய நிலை திரும்பிவிடும், நரம்புக்குப் புதிய சேதம் இல்லை. கடற்கரை ஊரில் வெயிலோடு புழுக்கமும் சேருவதால் வியர்வை உலர்ந்து உடல் குளிர்வதும் தாமதமாகிறது. அக்னி நட்சத்திரத்தில் எடுத்த மதிப்பெண்ணையும் மார்கழியில் எடுத்ததையும் ஒப்பிட்டு, இடையில் செய்த சிகிச்சை பலித்துவிட்டது என்று சொல்வது பொய்க்கணக்கு. கடலூரில் அளக்கும் எந்தத் தாளிலும் தேதியோடு நேரமும் அன்றைய வெப்பமும் இருக்க வேண்டும். ஈரத்துண்டு, குளிர்ந்த நீரில் குளியல், மின்விசிறி, வெளிவேலையைக் காலை எட்டு மணிக்குள் முடிப்பது ஆகியவை இங்கே சமாளிப்பு வழிகளின் பட்டியலில் முதலில் வர வேண்டியவை. ஆனித் திருமஞ்சனத் தேரோட்டத்தைப் பார்க்க நினைக்கும் ஒருவர் விடியற்காலையிலேயே போய் நிழலில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவதும் அப்படிப்பட்ட ஒரு வழியே.

இரண்டாவது, அன்றாட வாழ்க்கையின் உருவம். ஐரோப்பியத் தாள்கள் மாடிப்படி ஏறுவதையும் சாப்பாட்டு மேசையில் உட்காருவதையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுவது, இந்திய முறைக் கழிப்பறையில் குந்துவது, குடத்தை இடுப்பில் தூக்குவது, பேருந்தின் உயரமான படியில் காலை வைப்பது ஆகியவை அவற்றில் இல்லை. சிதம்பரத்திலிருந்து சென்னை மருத்துவமனைக்குப் போய்வரும் நீண்ட பயணத்தில் வழியில் கழிப்பறை கிடைக்குமா என்ற பயமும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990களில் வாழ்க்கைத் தர வினாத்தாளைத் தயாரித்தபோது சென்னையும் அதன் ஆய்வு மையங்களில் ஒன்றாக இருந்தது. அதன் 26 கேள்விச் சுருக்கம் தமிழில் பயன்பாட்டில் உள்ளது. எல்லா நோய்க்கும் பொதுவான அதோடு இந்தச் சில கேள்விகளைச் சேர்த்துக்கொண்டால் கடலூருக்குப் பொருந்தும் ஒரு தொடக்கம் கிடைக்கும்.

யார் முன்னிலையில் கேட்கிறார்கள் என்பதும் விடையை மாற்றும். புறநோயாளிப் பிரிவில் கணவரும் மாமியாரும் பக்கத்தில் நிற்க, வீட்டில் உதவி கிடைக்கிறதா என்று கேட்டால் கிடைக்கிறது என்ற பதில்தான் வரும். தனியே கேட்க ஐந்து நிமிடம் ஒதுக்குவது விலை உயர்ந்த எந்தக் கருவியையும்விடப் பயன் தரும்.

பக்தியை அளப்பது எளிதல்ல. கார்வரின் 28 வாக்கியங்களில் இரண்டு மட்டுமே இதைத் தொடுகின்றன. கென்னத் பார்கமெண்ட் குழு 1998இல் வெளியிட்ட பதினான்கு வாக்கியத் தாள் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் காட்டுகிறது. கடவுள் துணைநிற்கிறார் என்ற நம்பிக்கை மனநலத்தோடு சேர்ந்து வருகிறது, கடவுள் தண்டிக்கிறார் அல்லது கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் துயரத்தோடு சேர்ந்து வருகிறது. முன்வினை என்று சொல்பவரிடமும் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க வேண்டும். வினை என்று மனத்தை ஆற்றிக்கொண்டு ஊசியையும் தவறாமல் போட்டுக்கொள்கிறாரா, அல்லது வினைக்கு மருந்து எதற்கு என்று நிறுத்திவிட்டாரா? சொல் ஒன்றாக இருந்தாலும் முடிவு வேறு. சுனாமிக்குப் பிறகு வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கடலோரக் கிராமங்களில் குழு குழுவாகப் பேசி 2008இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல முன்மாதிரி. வெளியிலிருந்து வந்த மனநல ஆலோசனையைவிடத் தங்கள் உறவும் ஊரும் வழிபாடும் தந்த பலத்தையே மக்கள் பெரிதாக மதித்தார்கள். ஆயத்தமான தாளை நீட்டாமல் முதலில் பேசவிட்டுக் கேட்டதால் கிடைத்த விடை அது.

மாவட்டத்தில் இருநூறு பேர், அதுவும் சிதறிக் கிடப்பவர்கள் என்னும்போது பெரிய ஒப்பீட்டுச் சோதனை நடத்த வழியில்லை. அதற்குப் பதிலாக ஒரே ஆளை வைத்துச் செய்யும் சோதனை இருக்கிறது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் கார்டன் கையாட் 1986இல் இதை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். ஒருவர் தினமும் மாலை ஆறு மணிக்குத் தன் அசதிக்கு 0 முதல் 10 வரை எண் எழுதுகிறார். சில நாட்கள் மதிய ஓய்வும் ஈரத்துண்டும், சில நாட்கள் இரண்டும் இல்லை. எந்த நாள் எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறார்கள். ஆறு வாரத்தில் அந்த ஒருவருக்கு அது உதவுகிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். பலன் உடனே தெரிந்து, நிறுத்தினால் உடனே மறையும் வழிகளுக்குத்தான் இது பொருந்தும். மாதக் கணக்கில் பலன் தரும் பயிற்சிகளுக்குப் பொருந்தாது. நோயின் போக்கை மாற்றும் மருந்தை இப்படி நிறுத்திப் பார்க்கவே கூடாது. புதிய அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது தாக்குதலாக இருக்கலாம், அப்போது குறிப்பேட்டை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

1968இல் கிரெசுக், ஷெர்மன் இருவரும் மனநல மையங்களுக்காக வகுத்த இலக்கு அளவீடும் தனியாளுக்கு ஏற்றது. நோயாளியே இலக்கைச் சொல்கிறார்: வாரம் ஒருமுறை கடைத்தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கி வர வேண்டும். மூன்று மாதத்தில் அது நடந்தால் 0. எதிர்பார்த்ததைவிட நன்றாக, தனியாகவே போய்வந்தால் +1, பேருந்திலும் ஏறினால் +2. மகனோடு வண்டியில் போய் உட்கார்ந்தபடியே வாங்கினால் –1, வீட்டுப் படியே தாண்டவில்லை என்றால் –2. ஆஸ்திரேலியாவில் எம்.எஸ். மறுவாழ்வுப் பிரிவுகளில் இது பயன்பட்டிருக்கிறது. இதன் சிறப்பு, எது முக்கியம் என்பதை லண்டனோ குயின்ஸ்லாந்தோ முடிவு செய்யாமல் அந்த ஆளே முடிவு செய்வது.

இதை யார் செய்வது? அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரியாக இருக்கும் மருத்துவமனையும், அதன் அருகிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையும் இருக்கின்றன. வடக்கே புதுச்சேரி ஜிப்மரில் நரம்பியல் துறை இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். நடைக்கு எடுக்கும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறிக்கவும் இலக்குத் தாளை நிரப்பவும் அவரால் முடியும். 1985இல் தொடங்கப்பட்ட இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையில் கிளை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளில் எம்.எஸ். பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் சலுகைகளுக்கு 40 சதவீத பாதிப்பு என்ற வரம்பு பெரும்பாலும் கை கால்களைப் பார்த்தே தீர்மானிக்கப்படுவதால், அசதியால் வேலையை இழந்தவர் வெளியே நின்றுவிடுகிறார். அசதிக்கான மதிப்பெண் தாள் சான்றிதழ்க் குழுவின் மேசைக்கும் போக வேண்டும்.

மனநிலையைக் கேட்கும் தாள்கள் அனைத்துக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பி.ஹெச்.க்யூ-9இன் கடைசிக் கேள்வி உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதற்கு ஆம் என்று குறித்தவரின் தாள் கோப்புக்குள் போவதற்கு முன் ஒருவர் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும், அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வீட்டிலிருந்து தானே நிரப்பிக்கொள்பவர்கள் டெலி-மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.